கரை எட்டும்வரை தாங்க வேண்டிய முதலுதவி

முதன்முறையாகச் சரக்குக் கப்பலில் ஏறவிருக்கும் நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த முதலுதவி கப்பலில் உண்மையாகவே போதுமா, போதாதென்றால் வேறு எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்? பல ஆண்டுகள் செகண்ட் ஆபீசராகக் கப்பல் மருத்துவ அறையின் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். பயிற்சியில் கற்றது அத்தனையும் தேவைதான். அங்கே உங்களுக்குப் பழக்கமாகாத ஒன்று, காலம். கரையில் முதலுதவி செய்பவர் பத்து இருபது நிமிடம் சமாளித்தால் ஆம்புலன்ஸ்காரரிடம் ஒப்படைத்துவிடலாம். நடுக்கடலில் அந்த ஒப்படைப்புக்கு இரண்டு மணி நேரமும் ஆகலாம், நான்கு நாளும் ஆகலாம். செய்முறைகளின் வரிசை மாறுவதும், சில முடிவுகள் கடினமாவதும் இதனால்தான்.

முதலில் யாருக்கு என்ன பொறுப்பு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1978இல் ஏற்கப்பட்டு 1995இலும் 2010இலும் பெரிதும் திருத்தப்பட்ட எஸ்.டி.சி.டபிள்யூ. (கடலோடிகளின் பயிற்சிக்கும் சான்றிதழுக்குமான பன்னாட்டு) ஒப்பந்தம், முதலுதவிப் பயிற்சியை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. நீங்கள் முடித்திருப்பது முதற்படி. அதற்கு மேலே அதிகாரிகளுக்கான மருத்துவ முதலுதவியும், கப்பலில் மருத்துவப் பொறுப்பை ஏற்பவருக்கான மருத்துவப் பராமரிப்பும் உள்ளன. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தப்படி, 100 பேருக்குக் குறையாமல் ஏற்றிக்கொண்டு மூன்று நாளுக்கு மேற்பட்ட பன்னாட்டுப் பயணம் செல்லும் கப்பலில்தான் மருத்துவர் கட்டாயம். இருபது இருபத்தைந்து பேர் மட்டுமே இருக்கும் சரக்குக் கப்பலில் மருத்துவர் இருக்க மாட்டார். பெரும்பாலும் செகண்ட் ஆபீசரோ வேறோர் அதிகாரியோதான் அந்தப் பொறுப்பில் இருப்பார். அவர் வந்து சேரும்வரையுள்ள முதல் ஐந்து நிமிடம், விபத்து நடந்த இடத்தில் நிற்கும் உங்களுடையது.

அந்த ஐந்து நிமிடத்தில் கப்பல்காரர்களை அதிகம் கொன்றிருப்பது அறியாமை அன்று, பாசம். கப்பலின் சமநிலைக்காகக் கடல்நீர் நிரப்பும் பேலாஸ்ட் டாங்கிலோ, சரக்கு வைக்கும் ஹோல்டிலோ, நங்கூரச் சங்கிலி அறையிலோ ஒருவர் விழுந்து கிடப்பதைப் பார்த்தவுடன் இன்னொருவர் பதறி இறங்குவார். அவரும் ஏணியடியில் சாய்ந்துவிட, மூன்றாமவர் இறங்குவார். காற்றில் இயல்பாக இருக்க வேண்டிய 20.9 விழுக்காடு ஆக்சிஜனை மூடிய டாங்கின் துருவே தின்றுவிடும். நிலக்கரி, மரத்தடி, பழைய இரும்பு போன்ற சரக்குகளும் அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். அளவு பத்து விழுக்காட்டுக்குக் கீழே போய்விட்டால் மூச்சுத்திணறல் என்ற எச்சரிக்கைகூட இல்லாமல் நினைவு தப்பும். ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் காட்டிக்கொடுக்கும் என்று நம்பாதீர்கள். அதன் செறிவு கூடினால் முகரும் திறனையே அது முடக்கிவிடும், நாற்றம் நின்றதை வாயு போய்விட்டதாக எடுத்துக்கொள்வீர்கள். ஆகவே நீங்கள் செய்ய வேண்டியவை இரண்டே: அபாய மணியை ஒலிக்கச் செய்வது, வாயிலில் நின்று வேறு யாரையும் இறங்கவிடாமல் தடுப்பது. காற்று உருளை பொருத்திய சுவாசக் கருவி அணிந்த மீட்புக் குழுவுக்கு மட்டுமே உள்ளே போக உரிமை உண்டு. தப்பித்து வெளியேறுவதற்காக வைத்திருக்கும் ஈஈபிடி என்ற அவசர மூச்சுக் கருவியின் பைக்குள் இருப்பது சில நிமிடக் காற்று. அதை மாட்டிக்கொண்டு ஒருவரைத் தூக்கிவர இறங்குவது தற்கொலைக்குச் சமம். வடிகட்டி முகமூடியோ இல்லாத ஆக்சிஜனை உண்டாக்கித் தராது. 2015 முதல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதற்கான ஒத்திகை கட்டாயம். அதை ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைக் கெடுக்கும் சடங்காக நினைப்பவர்களோடு நீங்கள் சேர வேண்டாம்.

பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுவந்த ஒருவர் அழைத்தால் பதில் தராமலும், இயல்பாக மூச்சு விடாமலும் இருந்தால் சிபிஆர், அதாவது நெஞ்சை அழுத்தி மூச்சூட்டும் உயிர்மீட்பு, தொடங்க வேண்டும். நெஞ்சின் நடுவே 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை அழுத்தி, 30 அழுத்தத்துக்கு 2 முறை மூச்சு ஊத வேண்டும். அவ்வப்போது இழுக்கும் விக்கல் போன்ற மூச்சை உயிர்மூச்சாக எண்ணி ஏமாறக் கூடாது. கேபினில் மயங்கியவரை மெத்தையில் வைத்தே அழுத்துவதைப் பார்த்திருக்கிறேன். மெத்தைதான் அமுங்குமே தவிர நெஞ்சு அமுங்காது, தரையில் கிடத்துங்கள். கப்பல் ஆடினால் முழங்கால்களை அகல ஊன்றிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள், ஏனெனில் களைத்தவரின் அழுத்தம் ஆழம் குறைவதை அவரே உணர மாட்டார். தண்ணீரில் மூழ்கியவருக்கும் வாயுவால் மூச்சடைத்தவருக்கும் உடலில் ஆக்சிஜன் குறைந்திருப்பதால் மூச்சூட்டலில் தொடங்குங்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்ற முயல்வது வீண். வாந்தியை நுரையீரலுக்குள் தள்ளிவிடும் ஆபத்தும் அதில் உண்டு. இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவி இருக்கும் கப்பலானால் உடனே கொண்டுவரச் சொல்லி, நெஞ்சைத் துடைத்து உலர்த்திய பிறகு பட்டைகளை ஒட்டுங்கள். எப்போது நிறுத்துவது என்ற கேள்விக்குக் கரையில் விடை எளிது, யாராவது வந்து பொறுப்பேற்பார்கள். கடலில் அந்த முடிவு கேப்டன் வழியாக, கரையிலிருந்து ரேடியோவில் ஆலோசனை சொல்லும் ரேடியோ மருத்துவரிடமிருந்து வர வேண்டும். முழங்கால் கன்றி நிற்கும் இருபது வயதுப் பையனிடமிருந்து அல்ல.

மூச்சு இருக்கிறது, நினைவு மட்டும் இல்லை என்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி செய்யுங்கள். தனியே விட்டுவிட்டு யாரையும் தேடி ஓடாதீர்கள்.

மேல்தளத்தில் அதிகம் பயப்பட வேண்டியது, கப்பலைத் துறையோடு கட்டும் மூரிங் கயிறு. இழுவை தாங்காமல் அறுந்து திரும்பும் கயிறு கையையும் காலையும் துண்டாக்கிவிடும். வயிற்றில் அடித்தால் மேலே சிராய்ப்பு மட்டும் தெரிய, உள்ளே கல்லீரலோ மண்ணீரலோ கிழிந்திருக்கும். ஆள் எழுந்து நின்று பேசுகிறார் என்பதால் விட்டுவிடாதீர்கள், வெளிறிய முகமும் வேகமான நாடியும் பேச்சைவிட உண்மை சொல்லும். வெளியே குருதி கொட்டினால் சுத்தமான துணியை வைத்து, இரண்டு கையாலும் காயத்தின் மேலேயே அழுத்துங்கள். நின்றதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்ப்பவர் உறைந்ததைப் பிய்த்துவிடுகிறார்; பத்து நிமிடம் கையை எடுக்காதீர்கள். கை கால்களில் அழுத்தத்துக்கும் அடங்காமல் பீறிட்டால் குருதியோட்டத்தை நிறுத்தும் இறுக்குப் பட்டையான டூர்னிகெட்டைத் தயங்காமல் கட்டுங்கள். காயத்துக்கு மேலே 5 முதல் 7 சென்டிமீட்டர் தள்ளி, மூட்டின் மேல் விழாதபடி, குருதி நிற்கும்வரை முறுக்க வேண்டும். பெரும் வலி எடுக்கும், அலறுவார், அதற்காகத் தளர்த்தக் கூடாது. கட்டிய நேரத்தைப் பட்டையிலோ நெற்றியிலோ அழியாத மையால் எழுதிவிடுங்கள். கரையில் அந்த உறுப்பு இரண்டு மணி நேரத்துக்குள் அறுவை அறைக்குப் போய்விடும் என்ற துணிச்சலில் கட்டுகிறார்கள். நமக்கு அந்த வாய்ப்பு இல்லாததால், கட்டிய அடுத்த நிமிடமே ரேடியோ மருத்துவருக்கு அந்த நேரம் தெரிவிக்கப்பட வேண்டும். பிறகு தளர்த்திப் பார்ப்பதா, பஞ்சுக்கட்டுக்கு மாற்றுவதா என்பதை அவர் சொல்லட்டும். துண்டான விரலை மருத்துவ உப்புநீரில் (சலைன்) நனைத்த சுத்தத் துணியில் சுற்றி, நீர் புகாத பையில் இட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வையுங்கள்; பனிக்கட்டி நேராகப் பட்டால் திசு செத்துவிடும். அடிபட்ட கையில் மோதிரம் இருந்தால் வீக்கம் தொடங்குமுன் கழற்றுங்கள். வேலை நேரத்தில் மோதிரமே அணியாமலிருப்பது அதைவிட மேல்.

இயந்திர அறைக்கு வருவோம். தீக்காயமும் கொதிநீர்க் காயமும் அங்கே அதிகம். சமையலறையில் வெந்துகொள்ளும் சமையல்காரரையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடும் நன்னீரில் 20 நிமிடம் முழுதாகக் காட்ட வேண்டும், நிமிடத்தைக் கடிகாரத்தில் பார்த்து. ஒட்டியிருக்கும் துணியைப் பிய்க்காமல் சுற்றியுள்ளதை வெட்டி நீக்குங்கள். உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் காயத்தின் மேல் நீளவாக்கில் படியவிடலாம். சுற்றிக் கட்டினால் வீங்கும்போது இறுக்கும். பற்பசை, எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம். எவ்வளவு வெந்திருக்கிறது என்று மருத்துவர் கேட்டால், காயமடைந்தவரின் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை உடற்பரப்பில் சுமார் ஒரு விழுக்காடு என்ற கணக்கில் சொல்லலாம். நெருப்புப் புகையில் சிக்கியவரின் மூக்கோரத்தில் கரி படிந்து, குரல் கம்மினால் அது அவசரம். தொண்டை சில மணி நேரத்தில் வீங்கி மூச்சுக்குழாயை அடைத்துவிடலாம் என்பதால், அவர் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே மருத்துவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

மின்னதிர்ச்சியில் விழுந்தவரைத் தொடுமுன் மின்சாரத்தைத் துண்டியுங்கள், ஏனெனில் இரும்புத் தளத்தில் நிற்கும் உங்கள் வழியாகவும் அது பாயும். வெப்பத்தில் குழம்பிப் பேசத் தொடங்கிய ஆயிலரை (இயந்திர அறை ஊழியரை)க் களைப்பு என்று படுக்க அனுப்பிவிடாதீர்கள். உடல் வெப்பம் 40 பாகையைத் தாண்டி மூளை தடுமாறுகிறதென்றால் அது வெப்பத் தாக்கு. அப்போதே உடையைக் களைந்து, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி, மின்விசிறிக்கு முன் கிடத்த வேண்டும்.

இவற்றையெல்லாம் எவரும் கவனித்துவிடுவார்கள். கவனிக்கத் தவறும் ஒரு காயத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒருமுறை ஃபோர்த் இன்ஜினியர் ஒருவர் இயந்திரத்துக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் ஃப்யூல் இன்ஜெக்டரைச் சோதிக்கும்போது முனைக்கு அருகே விரலைக் கொண்டுபோய்விட்டார். இடது சுட்டுவிரலின் நுனியில் கொசு கடித்தது போல ஒரு புள்ளி; ரத்தம் இல்லை, வலியும் பெரிதாக இல்லை. “ஒன்றுமில்லை சார், ஒரு பிளாஸ்டர் போதும்” என்றார். நானும் பிளாஸ்டரை எடுக்கப் போனவன்தான். விரலை விளக்கடியில் பிடித்தபோது, புள்ளியைச் சுற்றித் தோல் வெளிறி, முதல் கணுவரை தடித்திருந்ததைப் பார்த்துத்தான் கையை நிறுத்தினேன். ரேடியோவில் வந்த மருத்துவர் கேட்ட முதற்கேள்வி, “அந்தக் கருவியில் எத்தனை பார் அழுத்தம்?” என்பதே. 300 பார், அதாவது காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ முந்நூறு மடங்கு, என்றோம். அந்த அழுத்தத்தில் தோலைத் துளைத்த எண்ணெய் தசைநார் உறை வழியாக உள்ளங்கைவரை ஓடியிருக்கும் என்றும், சில மணி நேரத்துக்குள் அறுவை செய்து கழுவாவிட்டால் விரலை இழக்க நேரும் என்றும் சொன்னார். கேப்டன் அன்றிரவே கப்பலைத் திருப்பினார். விரல் தப்பியது, நுனியில் உணர்வு மட்டும் திரும்பவில்லை. ஹைட்ராலிக் குழாயின் கசிவை வெறுங்கையால் தடவிப் பார்ப்பவர்களுக்கும், பெயின்ட் தெளிக்கும் கருவியைக் கழற்றுபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

கண்ணில் ரசாயனம் தெறித்தால் பேச்சே வேண்டாம், உடனே தண்ணீர். இமையை விரலால் திறந்து பிடித்து 20 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவுங்கள். காஸ்டிக் சோடா போன்ற காரமானால் இன்னும் நீண்ட நேரம். உலோகத் துகள் கருவிழியில் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், தேய்க்கவும் விடாதீர்கள், மூடிவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். எண்ணெயோ அமிலமோ விழுங்கியவரை வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. ஆபத்தான சரக்கு ஏற்றும் கப்பல்களில், அந்தந்தச் சரக்கின் நச்சுக்கு என்ன செய்வதென்று சொல்லும் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் முதலுதவி வழிகாட்டி இருக்கும். சரக்கு ஏறும் நாளிலேயே அந்தப் பக்கத்தைப் படித்துவைப்பது நல்லது.

குளிர்ந்த நீரில் விழுந்தவரைப் பற்றி ஒரு கணக்கு நம்மவர்களிடையே வழங்குகிறது: ஒரு நிமிடம், பத்து நிமிடம், ஒரு மணி. பனிபோலக் குளிர்ந்த நீரில் முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் வாங்கும். அதைத் தாண்டினால் கை கால் சொன்னபடி கேட்பது சுமார் பத்து நிமிடம். உடல் குளிர்ந்து நினைவு தவறுவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். குளிரால் சாவதற்கு முன்பே மூழ்கிச் சாகிறார்கள் என்பது இதிலிருந்து புரியும். லைஃப் ஜாக்கெட்டின் பெறுமானமும் புரியும். மீட்கும்போது கூடுமானவரை படுத்த நிலையிலேயே தூக்குங்கள். நீரின் அழுத்தம் விலகி, குருதி கால்களுக்கு இறங்கி, கப்பலேறிய கணத்தில் இதயம் நின்றவர்கள் உண்டு. ஈர உடையை வெட்டி எடுத்து, போர்வையால் தலையோடு சுற்றி, உடலின் நடுப்பகுதியை மெல்லச் சூடாக்க வேண்டும். கை கால்களைத் தேய்ப்பது, மது கொடுப்பது, வெந்நீர்க் குளியலுக்கு அனுப்புவது மூன்றும் கெடுதல். விறைத்துக் கிடப்பவரின் நாடி கைக்குத் தட்டுப்படாது. முழுதாக ஒரு நிமிடம் மூச்சைக் கவனித்துப் பார்க்காமல் இறந்தார் என்று முடிவுகட்டாதீர்கள்.

உயரத்திலிருந்து விழுந்தவரை அசைக்கலாமா என்று கேட்பார்கள். நெருப்பும் வாயுவும் இல்லையெனில், கழுத்தை இருகையாலும் நேராகப் பிடித்தபடி விழுந்த இடத்திலேயே வைத்திருங்கள், ஸ்ட்ரெச்சர் வரட்டும். கித்தானும் மரப்பட்டிகளும் கொண்டு ஆளைப் பொட்டலம் போலக் கட்டும் நீல் ராபர்ட்சன் ஸ்ட்ரெச்சர், குறுகிய மேன்ஹோல் வழியாக நிமிர்த்தித் தூக்குவதற்கென்றே உருவானது. ஒத்திகையில் நோயாளியாகக் கிடக்க ஆள் கேட்டால் நீங்கள் கை தூக்குங்கள். உள்ளே கட்டுண்டு ஆடும்போதுதான் எந்த வார் மார்பை நெரிக்கிறது, கால்பக்க வழிகாட்டுக் கயிற்றைப் பிடிப்பவர் ஏன் தூங்கக் கூடாது என்பதெல்லாம் விளங்கும்.

இனி அந்த நீண்ட காத்திருப்பு. கப்பல்களுக்கு ரேடியோ வழியாக மருத்துவ ஆலோசனை தரும் மையங்கள் பல நாடுகளில் உள்ளன. ரோமிலுள்ள சி.ஐ.ஆர்.எம். 1935 முதல் இந்தப் பணியை இலவசமாகவே செய்துவருகிறது. இன்று செயற்கைக்கோள் தொலைபேசியில் பேசலாம், படமும் அனுப்பலாம். ஆனாலும் மருத்துவரின் கண்ணும் கையும் நீங்கள்தான். “மாரடைப்பு என்று நினைக்கிறோம்” என்று நோயின் பெயரைச் சொல்வதைவிட, “45 வயது, இரண்டு மணி நேரமாக நெஞ்சில் பாரம், இடது தோளுக்குப் பரவுகிறது, வியர்க்கிறது, நாடி 110, ரத்த அழுத்தம் இவ்வளவு” என்று கண்டதைச் சொன்னால் அவருக்கு அதிகம் பயன்படும். கப்பலின் இருப்பிடம், அருகிலுள்ள துறைமுகம், ஏற்கெனவே கொடுத்த மருந்து, ஒவ்வாமை, மருந்துப் பெட்டியில் இருப்பவை ஆகியவற்றின் பட்டியல் கையில் இருக்கட்டும். நெஞ்சுவலிக்காரருக்கு ஒவ்வாமை இல்லையென்று கேட்டறிந்த பிறகு 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுத்து, சாய்ந்து உட்காரவைப்பது வழக்கம். நடக்கவிடாதீர்கள், கேபினுக்கு இரண்டு மாடி ஏறிப்போவதுகூட அவருக்கு அதிகம்.

அதன்பின் எழுதுவது. நாடி, மூச்சு, வெப்பம், ரத்த அழுத்தம், குடித்தது, சிறுநீர் போனது, கொடுத்த மருந்து அனைத்தையும் நேரத்தோடு குறியுங்கள். தலையில் அடிபட்டவரானால் இரு கண்பாவைகளும் ஒரே அளவா என்பதையும், பேச்சு தெளிவா என்பதையும் முதல் நாள் முழுக்க மணிக்கு ஒருமுறை, தூக்கத்திலிருந்து எழுப்பியாவது பார்க்க வேண்டும். தனியொரு எண்ணில் பெரிதாக எதுவும் தெரியாது. நாடி 84, 96, 112 என்று ஏறிக்கொண்டே போவது தாளில் வரிசையாகத் தெரிந்தால்தான் உள்ளே குருதி கசிகிறது என்று மருத்துவர் கணிக்க முடியும். அதிகாலைக் காவலில் இருக்கும் உங்களைப் போன்ற இளையவர்தான் பெரும்பாலும் அந்த எண்களை எடுப்பார், எனவே நாடி பார்க்கவும் ரத்த அழுத்தம் அளக்கவும் இப்போதே நண்பர்களிடம் பழகிக்கொள்ளுங்கள்.

ஹெலிகாப்டர் வருவதானால் இரண்டு விஷயம். தொங்கிவரும் கொக்கியில் நிலைமின்சாரம் இருக்கும், அது தளத்தையோ கடலையோ தொட்ட பிறகே கை வையுங்கள். அதன் கம்பியைக் கப்பலின் எந்தப் பகுதியோடும் கட்டிவிடாதீர்கள். மருத்துவக் குறிப்பும் பாஸ்போர்ட்டும் நீர் புகாத உறையில் நோயாளியின் உடலோடு போக வேண்டும், பையில் அல்ல. பை பின்தங்கிவிடும்.

கப்பலேறிய முதல் வாரத்தில், வேலை முடிந்த ஒரு மாலையில், பொறுப்பாளரிடம் கேட்டு மருத்துவ அறையைத் திறந்து பாருங்கள். டூர்னிகெட் எந்த இழுப்பறையில், கண் கழுவும் புட்டி எங்கே, ஸ்ட்ரெச்சர் எந்தச் சுவரில் என்று கையால் தொட்டுப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் உருளையின் வால்வைத் திறக்கும் சாவி உருளையோடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு கப்பலில் அது ஃபிட்டரின் கருவிப்பெட்டிக்குள் கிடந்தது. எதற்கு எடுத்தோம் என்று அவருக்கே நினைவில்லை.